சுருவம் பிந்தி வந்த நாள்

றோஸ்மேரி கொண்டுவந்து வைத்த தேத்தண்ணி மேசையிலேயே ஆறிப் போயிற்று. அவள் அதை எடுத்துப் போய்ச் சூடாக்கி மறுபடியும் கொண்டுவந்து வைத்தாள். பிலோமினா திரும்பியும் பார்க்கவில்லை. முன்னறை யன்னலோரக் கதிரையில், நேற்று மாலை உடுத்த அதே வெள்ளைச் சேலையோடு, தெருவைப் பார்த்தபடி இருந்தார். சேலை கசங்கியிருந்தது. பிலோமினா கசங்கிய சேலையோடு இருந்து அந்த வீட்டில் யாரும் பார்த்ததில்லை.

குசினியில் நேற்று அவித்த கடலை பெரிய சட்டி நிறையக் கிடந்தது. ரோல்ஸ் தட்டுகள் மூடியபடி அப்படியே இருந்தன. ஒரு கிழமையாக வீட்டைக் கழுவித் துடைத்து, கோயில் ஆட்களுக்கெல்லாம் போன் பண்ணிச் சொல்லி, எல்லோரும் வந்திருந்தார்கள். வரவேண்டியது மட்டும் வரவில்லை.

“மச்சாள், ஒரு வாய் குடியுங்கோ. நேற்றுப் பின்னேரம் தொட்டு நீங்கள் ஒண்டும் குடிக்கேல்லை...”

“உன்ர கையால இனிப் பச்சைத்தண்ணியும் குடிக்கமாட்டன்.”

இதைச் சத்தம் போட்டுச் சொல்லியிருந்தால் றோஸ்மேரிக்கு அவ்வளவு சுட்டிராது. கணவனின் அக்காவான மச்சாளின் சத்தம் அவளுக்குக் கலியாணம் முடித்த நாளிலிருந்தே பழக்கம். அது மழை மாதிரி, பெய்துவிட்டுப் போய்விடும். இந்த மெல்லிய குரல்தான் புதிது. அவள் கோப்பையை எடுத்துக்கொண்டு குசினிக்குள் போய், தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டு, அந்தச் சத்தத்துக்குள் கொஞ்ச நேரம் அழுதாள்.

நேற்று வராமல் போனது மாதா சுருவம், தேவமாதாவின் சிலை. அது நாளைக்குத்தான் வரும் என்று றோஸ்மேரி சொன்னாள், ஏன் என்று சொல்லவில்லை.

மே மாதம் மாதாவின் மாதம். ஊரில் செய்தது போலவே கனடாவில் ஸ்காபரோவிலும் தமிழ்க் கத்தோலிக்கக் குடும்பங்கள் தேவமாதாவின் சுருவத்தை அந்த மாதம் முழுக்க வீடு வீடாகக் கொண்டுபோவார்கள். நாளுக்கொரு வீடு. வந்த வீட்டில் சுருவத்துக்கு முன்னால் விளக்கேற்றி, எல்லோருமாகச் செபமாலை சொல்லி, கடலை சாப்பிட்டுத் தேத்தண்ணி குடித்துக் கலைவார்கள். அதற்கு எழுதாத சட்டம் ஒன்று இருந்தது. விளக்கை ஏற்றிவிட்டால் மாதா அந்த வீட்டில் தங்கிவிட்டார் என்று அர்த்தம். அடுத்த நாள் பின்னேரம் வரைக்கும் அசைக்கக் கூடாது. பிறகு அந்த வீட்டுக்காரி தன் கையாலேயே தூக்கிக்கொண்டு போய், அடுத்த வீட்டு வாசலில் அந்த வீட்டுக்காரியின் கையில் கொடுக்க வேண்டும்.

இந்த ஒழுங்குகளையெல்லாம் பார்ப்பது றோஸ்மேரி. அவளை யாரும் நியமிக்கவில்லை. ஒரு வருடம் செய்ய ஆளில்லை என்று செய்தாள், அதோடு அது அவள் தலையில் விடிந்தது. ஒவ்வொரு வீட்டுக்கும் முதலில் போய்க் கதிரை அடுக்குவாள். யாரும் பாட்டைத் தொடங்கக் கூச்சப்பட்டால் சுருதி சேராத தன் குரலில் தானே தொடங்குவாள். எல்லோரும் போன பிறகு கோப்பை கழுவி வைத்துவிட்டுத்தான் புறப்படுவாள். கார் இல்லாத வீடுகளுக்கு அவளுடைய பழைய கொறோலாதான் மாதாவின் வாகனம். முன் சீற்றில் வைத்து பெல்ற் போட்டுவிடுவாள். சுருவத்தைக் காருக்குள் தனியே விட்டுவிட்டு ஒரு போத்தல் பால் வாங்கக்கூட இறங்கமாட்டாள். மாதாவுக்கு லைசென்ஸ் மட்டும்தான் அவள் இன்னும் எடுத்துக் கொடுக்கவில்லை என்று அவளுடைய கணவன் மரியநாயகம் பகிடி பண்ணுவார். வருடக் கடைசியில் கோயில் மேடையில் நன்றி சொல்லும்போது ஒலிபெருக்கி தந்தவரின் பெயர் வரைக்கும் வாசிப்பார்கள். றோஸ்மேரியின் பெயர் ஒருபோதும் வந்ததில்லை. அவள் அதைக் கவனித்ததாகவும் தெரியவில்லை. அந்த நேரத்தில் அவள் மேடைக்குப் பின்னால் கோப்பை கழுவிக்கொண்டிருப்பாள்.

அந்த 2009ஆம் வருடம் அவளுடைய வேலை கூடியிருந்தது. வன்னியில் சண்டை கடைசிக் கட்டத்துக்கு வந்திருந்தது. போன வீட்டிலெல்லாம் யாரோ ஒருவரைப் பற்றிச் செய்தி இல்லை. அண்ணனைப் பற்றி இல்லை, தங்கச்சியைப் பற்றி இல்லை, தாய் தகப்பனைப் பற்றி இல்லை. செபமாலை முடிந்த பிறகும் ஆட்கள் எழும்பாமல் தொலைக்காட்சிக்கு முன்னால் இருந்தார்கள். றோஸ்மேரிக்கு ஆறுதல் சொல்லத் தெரியாது. பக்கத்தில் போயிருந்து கையைப் பிடித்துக்கொள்வாள், அவ்வளவுதான். ஆனால் ஒரு விஷயத்தில் மட்டும் பிடிவாதமாக நின்றாள். செபத்துக்கு வரும் பத்மநாதன் மாஸ்டர் வன்னியிலிருந்த தன் தம்பியின் பேரைச் செத்தவர்களுக்கான செபத்தில் சேர்க்கப் போனபோது மெதுவாகக் குறுக்கே வந்து, “செய்தி வருமட்டும் உயிரோட இருக்கிறவைக்கு எண்டே செபிப்பம் அண்ணை,” என்றாள். மாஸ்டர் குழந்தை மாதிரி அழுதுவிட்டு, அப்படியே செபித்தார். அதிலிருந்து எல்லா வீட்டிலும் அதுவே வழக்கமாயிற்று.

நேற்று ஞாயிற்றுக்கிழமை அவர்களுடைய அஜின்கோர்ட் வீட்டின் முறை. பிலோமினா அந்த நாளுக்காக வருடம் முழுக்கக் காத்திருந்தவர். அதற்குக் காரணம் அவருடைய ஒரே மகன் அன்ரன்.

பிலோமினா மரியநாயகத்தின் மூத்த அக்கா. தாய் தகப்பன் இல்லாத தம்பியைப் படிப்பித்து, கனடாவுக்கு அனுப்பி, ஆளாக்கியவர். விதவையாகி மகனோடு வந்தபோது தம்பி வீட்டுக்குத்தான் வந்தார். பகலும் இரவும் தொழிற்சாலையில் நின்று உழைத்தார். சின்ன அன்ரனைக் குளிப்பாட்டியதும், பள்ளிக்கூடம் கொண்டுபோய் விட்டதும், காய்ச்சல் நேரத்தில் மடியில் வைத்திருந்ததும் றோஸ்மேரிதான். அவளுக்குப் பிள்ளை இல்லை.

அந்த அன்ரன் மூன்று வருடத்துக்கு முன் நிலாணி என்ற சைவப் பெண்ணைக் கோயிலில் வைக்காமல் பதிவு மட்டும் செய்து கலியாணம் முடித்துக்கொண்டு வந்து நின்றான். பிலோமினா வாசலை மறித்தார். உவள் இந்தப் படியேறினால் நான் இறங்கிப் போவேன் என்று தெருவே கேட்கச் சொன்னார். அன்ரன் அவளைக் கூட்டிக்கொண்டு போனவன்தான். வெக்ஸ்போர்டில் ஒரு வீட்டின் பேஸ்மெண்டில் குடியிருந்தார்கள். தாய் கூப்பிடவில்லை, மகன் வரவில்லை. இரண்டும் ஒரே பிடிவாதம், வேறு எங்கிருந்து வரும். ஒவ்வொரு மே மாதமும் சுருவம் வீட்டுக்கு வரும் நாளில் பிலோமினா முழங்காலில் நின்று கேட்பது மகனை மட்டும்தான்.

றோஸ்மேரி ஒருவருக்கும் சொல்லாமல் அந்தப் பேஸ்மெண்டுக்குப் போய்வந்தாள். நிலாணியின் தாய், தகப்பன், தம்பி மூவரும் வன்னிக்குள். பங்குனிக்குப் பிறகு ஒரு சொல்லும் இல்லை. அந்தப் பெண் தொலைபேசியைத் தலையணைக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, ஊர்வலங்களுக்குப் போய்வந்து, சாப்பாட்டை மறந்து, எலும்பும் தோலுமாய் இருந்தாள். றோஸ்மேரி போய்க் குழம்பு வைத்து, சீப்பால் தலை இழுத்துவிட்டு, ஒரு பிடி சோறு தீத்திவிட்டு வருவாள்.

ஞாயிறு காலையும் அதற்குத்தான் போனாள். முதல் நாள் சுருவம் இருந்தது பிக்கரிங்கில், மரியம்மா வீட்டில். அவர்கள் குடும்பத்தோடு நகரத்துக்கு ஆர்ப்பாட்டத்துக்குப் புறப்பட்டதால், வழக்கத்துக்கு மாறாகக் காலையிலேயே செபம் சொல்லிச் சுருவத்தை றோஸ்மேரியிடம் கொடுத்து அனுப்பினார்கள். வழியில் வெக்ஸ்போர்ட். பின் சீற்றில் மீன் குழம்பு, முன் சீற்றில் மாதா. வெயில் ஏறியிருந்தது. ஐந்து நிமிடம்தானே என்று மாதாவைக் காரில் விட்டுப் போயிருக்கலாம். றோஸ்மேரியால் முடியுமா? தூக்கிக்கொண்டு போய் மேசையில் வைத்தாள்.

குசினியில் குழம்பைச் சூடாக்கிவிட்டு அவள் திரும்பி வந்தபோது நிலாணி தன் சாமித்தட்டிலிருந்த சின்னப் பித்தளை விளக்கை எடுத்து, எண்ணெய் விட்டு, திரி போட்டு, சுருவத்துக்கு முன்னால் ஏற்றிவைத்திருந்தாள். அவளுக்கு வழக்கம் எதுவும் தெரியாது. சாமி வந்தது, விளக்கேற்றினாள். ஏற்றிவிட்டு நிலத்தில் இருந்து, “அம்மா... என்ர அம்மாவைப் பாத்துக்கொள்ளுங்கோ,” என்று திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

றோஸ்மேரி வாசலில் நின்றுவிட்டாள். விளக்கை அணைத்துவிட்டுச் சுருவத்தைத் தூக்கலாம். யாரும் அறியப்போவதில்லை. ஆனால் செய்திக்காக ஒரு வீடு உயிரைக் கையில் பிடித்துக்கொண்டிருக்கும்போது, அந்த வீட்டு விளக்கை எந்தக் கையால் அணைப்பது? மச்சாளின் முகம் கண்முன்னே வந்தது. அவருடைய மூன்று வருடக் கண்ணீர் நினைவுக்கு வந்தது.  பிறகு போய் நிலாணிக்குப் பக்கத்தில் முழங்காலில் இருந்தாள். மாதா இண்டைக்கு இஞ்சதான் தங்குவா பிள்ளை என்று சொன்னாள்.

புறப்படும்போதுதான் நிலாணிக்கு அது யாருடைய முறை என்று தெரியவந்தது. அவள் பதறிப்போய்க் கையைப் பிடித்துக்கொண்டாள். “மாமிக்குச் சொல்லிப்போடாதேங்கோ அன்ரி. என்ர வீட்டில இருந்து வந்ததெண்டு தெரிஞ்சா அவ மாதாவையே வேண்டாமெண்டிடுவா. எனக்காக அவவின்ர நேர்த்தி கெடவேண்டாம்.” றோஸ்மேரி சொல்லமாட்டேன் என்று வாக்குக் கொடுத்தாள். கொடுத்த வாக்குத்தான் இப்போது கழுத்தை நெரித்தது.

*

அன்று திங்கட்கிழமை, விக்டோரியா தினம், விடுமுறை. காலையிலேயே தொலைக்காட்சி சண்டை முடிந்துவிட்டது என்றது. மரியநாயகம் சத்தத்தைக் குறைத்துவிட்டுத் தலையில் கையை வைத்துக்கொண்டு இருந்தார். தெருவில் வேற்றினப் பிள்ளைகள் சைக்கிள் ஓடிக்கொண்டிருந்தார்கள். அந்த நாளில் ஸ்காபரோவின் தமிழ் வீடுகளெல்லாம் இழவு வீடுகள்தான். யாருக்காக அழுவதென்றுதான் தெரியவில்லை.

மத்தியானம் மரியம்மா போன் எடுத்து, நேற்று உங்கள் வீட்டில் செபமாலை எப்படி என்று வெள்ளந்தியாகக் கேட்டாள். சுருவத்தைக் காலையிலேயே றோஸ்மேரியிடம் கொடுத்துவிட்டோமே என்றாள். பிலோமினா போனை வைத்துவிட்டு எழும்பி வந்தார்.

“உன்ர கையிலதான் இருந்திருக்கு. என்ன?”

“ஓம் மச்சாள்.”

“என்ர நாளை ஆருக்குத் தூக்கிக் குடுத்தனி?”

“அவைக்கு... அவைக்கு அது தேவையாயிருந்தது மச்சாள். இண்டைக்குப் பின்னேரம் கட்டாயம் வரும்.”

“எனக்குத் தேவையில்லையோ? வருசத்தில ஒரு நாள். என்ர பிள்ளையைத் தா எண்டு கேக்க எனக்கு ஒரு நாள்தானே இருந்தது...” பிலோமினாவின் குரல் உடைந்தது. உடைந்த குரலை மறைக்கத்தான் அவர் அடுத்ததைச் சொன்னார் போலும். “பிள்ளையைப் பிரிஞ்சிருக்கிறது என்னெண்டு பெத்தவளுக்குத்தான் தெரியும். உனக்கு எங்க தெரியப்போகுது.”

மரியநாயகம் “அக்கா!” என்றார்.  அக்காவின் முன்னால் அதற்கு மேல் அவருக்கு எப்போதும் வார்த்தை வந்ததில்லை.

 அன்ரனின் முதல் பல் விழுந்தது றோஸ்மேரியின் உள்ளங்கையில். அதை இப்போது எடுத்துச் சொல்லி என்ன? கடலைச் சட்டியை எடுத்துக் கழுவத் தொடங்கினாள்.

பிலோமினா மேலே போய்ச் சின்னப் பை ஒன்றை அடுக்கிக்கொண்டு வந்து கதவுக்குப் பக்கத்தில் வைத்தார். பொழுதுபடுவதற்குள் சுருவம் வராவிட்டால் தன்னைப் பிக்கரிங்கில் மரியம்மா வீட்டில் கொண்டுபோய் விடும்படி தம்பியிடம் சொன்னார். அது வந்தாலும் கூட, எந்த வீட்டிலிருந்து வருகிறதென்று தெரியாமல் கை நீட்டமாட்டேன் என்றார்.

மரியநாயகம் கராஜுக்குள் வந்து மனைவியிடம் கெஞ்சினார். அக்கா இந்த வயதில் பையோடு இந்த வீட்டை விட்டு இறங்கினால் நான் மனுஷனில்லை, எங்கே வைத்தாய் என்றாவது எனக்குச் சொல்லு என்றார். றோஸ்மேரி அவருடைய முகத்தைப் பார்த்து, கேட்காதீர்கள், வாக்குக் கொடுத்துவிட்டேன் என்று மட்டும் சொன்னாள். அவர் இவ்வளவு வருடத்தில் முதல் முறையாக அவளை முறைத்துப் பார்த்துவிட்டு உள்ளே போனார்.

*

பின்னேரம் றோஸ்மேரி போனபோது பேஸ்மெண்டில் விளக்கு இன்னும் எரிந்துகொண்டிருந்தது. நிலாணி விடிய விடியத் திரி தூண்டியிருக்கிறாள். மேல் வீட்டுக்காரர் தில்லையம்பலமும் மனைவியும் இறங்கி வந்து பாய் போட்டு இருந்தார்கள். ஒரு பக்கம் பிள்ளையார் படம், பக்கத்தில் மாதா. மாதாவுக்கு முன்னால் யாரோ செவ்வரத்தம்பூ வைத்திருந்தார்கள். றோஸ்மேரிக்கு அது குறையாகத் தெரியவில்லை. செய்தி வந்ததா என்று அவள் கேட்கவில்லை. நிலாணியின் கண்ணைப் பார்த்தாலே தெரிந்தது.

அன்ரன் மூலையில் சுவரோடு சாய்ந்து நின்றான். தாயின் மூக்கு, தாயின் நெற்றி.

“மாமி, அம்மா உங்களை ஏசினவவாம். பேசக்கூடாததும் பேசினவவாம். மாமா போன் பண்ணி என்னட்ட அழுறார், றோஸ்மேரிக்கு என்ன நடந்ததெண்டு கேட்டு.”

“அதெல்லாம் ஒண்டுமில்லை ராசா. உன்ர அம்மா சத்தம் போட்டா நல்ல சுகமா இருக்கிறா எண்டு அர்த்தம்.”

நிலாணி எழும்பி வந்தாள். இனி என்ன செய்ய வேண்டும், சுருவத்தை யார் கொண்டு போவது என்று கேட்டாள். றோஸ்மேரிக்குப் பொய் சொல்ல வராது. தங்கிய வீட்டுக்காரிதான் தூக்கிக்கொண்டு போய் வாசலில் கொடுப்பது வழக்கம் என்றாள். பிறகு அவசரமாக, அது பரவாயில்லை, நானே கொண்டுபோகிறேன், நீ வரத் தேவையில்லை, உன் பேரும் வராது என்றாள்.

நிலாணி விளக்கின் திரியைத் தூண்டிவிட்டாள்.

“விளக்கை ஏத்தினது நான். நீங்கள் அதை நூத்துப்போட்டு எடுத்துக்கொண்டு போயிருக்கலாம். போகேல்லை. ஏச்சும் பேச்சும் வாங்கிக்கொண்டு, எனக்கு ஒரு சொல்லும் சொல்லாம இண்டைக்கும் வந்து நிக்கிறியள்...” அவள் தலைமயிரை அள்ளி முடிந்தாள். “நான்தான் கொண்டு வரப்போறன் அன்ரி.”

“வேண்டாம் பிள்ளை. இண்டைக்கு வேண்டாம்...”

றோஸ்மேரி பயந்தது தனக்காக அல்ல. ஊரே செத்துப் போய்க் கிடக்கும் நாளில் இந்தப் பெண்ணின் முகத்தில் ஒரு கதவு அடிபட்டால், அதற்குப் பிறகு இவள் எழும்ப மாட்டாள். அது தெரிந்துதான் கையைப் பிடித்துத் தடுத்தாள். ஆனால் நிலாணியின் கை, கிழமைக்கணக்காகச் சோர்ந்து கிடந்த அந்தக் கை, அன்று உறுதியாக இருந்தது. மேல் வீட்டு அம்மா விளக்கைத் தான் பார்த்துக்கொள்வதாகச் சொன்னாள். அன்ரன் சுவரில் தொங்கிய கார்த் திறப்பை எடுத்தான்.

*

அஜின்கோர்ட் வீட்டு வாசலில் பிலோமினா மெழுகுவர்த்தியோடு நின்றார். சேலை மாற்றியிருந்தார். நேற்று வந்து திரும்பிப் போன ஆட்களில் பாதிப்பேர் இன்றும் வந்து முன் புல்தரையில் நின்றார்கள். பத்மநாதன் மாஸ்டர் செபமாலையைக் கையில் சுற்றியபடி நின்றார். கதவுக்குப் பக்கத்தில் அந்தப் பையும் இருந்தது.

அன்ரன் காரைத் தெருவோரத்தில் நிறுத்தினான். இறங்கவில்லை. ஸ்டியரிங்கைப் பிடித்தபடி நேரே பார்த்துக்கொண்டு இருந்தான். றோஸ்மேரி இறங்கி மறுபக்கக் கதவைத் திறந்துவிட்டாள். சுருவத்தை நெஞ்சோடு அணைத்தபடி நிலாணி இறங்கினாள்.

முன் புல்தரையில் பேச்சு நின்றது. பிலோமினா முதலில் சுருவத்தைப் பார்த்தார். பிறகு அதைச் சுமந்து வந்த முகத்தைப் பார்த்தார். றோஸ்மேரி ஓரமாக நின்று, என் தாயே, என் தாயே என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டாள். வேறு செபம் ஒன்றும் அவளுக்கு வரவில்லை.

நிலாணி படிக்குக் கீழே நின்றாள். ஏறவில்லை.

“மாமி... விளக்கை நான்தான் ஏத்தினனான். எனக்கு உங்கட வழக்கம் தெரியாது. றோஸ் அன்ரியில ஒரு பிழையும் இல்லை. பிந்திப் போச்சு, மன்னிச்சுக்கொள்ளுங்கோ. இதை வாங்கிக்கொள்ளுங்கோ, நான் போறன்.”

சுருவத்தை உயர்த்தி நீட்டினாள். பிலோமினாவின் கை எழும்பவில்லை. அது எழும்பாத அந்த நேரம் எவ்வளவு என்று றோஸ்மேரிக்கு இன்றைக்கும் சொல்லத் தெரியாது.

அப்போது பக்கத்துப் பூங்காவில் வெடி வெடித்தது. விக்டோரியா தினத்து வாணவேடிக்கைக்கு முன்னமே பொறுமையில்லாத பிள்ளைகள் யாரோ கொளுத்தியது. ஒன்றல்ல, தொடர்ந்து படபடவென்று வெடித்தது. நிலாணியின் உடம்பு முழுக்கத் தூக்கிப்போட்டது. கண்ணை இறுக மூடிக்கொண்டு, “அம்மா...” என்று குரல் வராமல் சொன்னாள். கை நழுவியது.

பிலோமினா மெழுகுவர்த்தியை எறிந்துவிட்டு இறங்கிப் பாய்ந்தார். பிடித்தது சுருவத்தை அல்ல. சுருவத்தைப் பிடித்திருந்த அந்தப் பெண்ணின் கைகளைப் பிடித்தார். எலும்பாய் இருந்தன கைகள்.  தோட்டத்தில் குருவி விழுந்தால்கூட ஓடிப்போய்த் தண்ணீர் வைக்கிற மனுஷி அவர். சத்தம்தான் பெரிது.

“பயப்பிடாதை பிள்ளை. அது சும்மா வெடி. வாணவெடி. இஞ்ச ஒண்டுமில்லை... இஞ்ச ஒண்டுமில்லை.”

இரண்டு பேருமாகச் சுருவத்தைப் பிடித்தபடி படியடியில் நின்றார்கள். வெடி நின்ற பிறகும் நின்றார்கள். பிலோமினா அந்த முகத்தைக் கிட்டத்தில் அன்றுதான் பார்த்தார்.

“விளக்கு இப்பவும் எரியுதோ?”

“ஓம் மாமி. நூராமப் பாத்தனான்.”

“உன்ர வீட்டாக்களின்ர செய்தி ஏதும்...”

நிலாணி இல்லை என்று தலையை ஆட்டினாள். பிலோமினா கண்ணை மூடித் திறந்தார். பிறகு தெருவோரத்துக் காரைப் பார்த்தார்.

“அவன் இறங்கமாட்டானாமோ?”

“நீங்கள் கூப்பிட்டா வருவார்.”

அப்போதுதான் பிலோமினாவின் பழைய குரல் திரும்பி வந்தது. முழுத் தெருவும் கேட்டது. “டேய் அன்ரன்! அங்க என்னடா ராசா மாதிரி இருக்கிறாய்? கதிரையள் தூக்கிப் போட இஞ்ச ஆளில்லை, இறங்கி வாடா!”

கார்க் கதவு திறந்தது. முப்பது வயது ஆம்பிளை தாயின் தோளில் முகத்தை வைத்து அழுதான். மரியநாயகம் யாரும் பார்க்காதபடி கதவுக்குப் பக்கத்திலிருந்த பையை எடுத்துக்கொண்டு மேலே ஓடினார்.

சுருவம் முன்னறை மேசைக்கு வந்தது. கொண்டு வந்த வீட்டுக்காரிதான் செபமாலையின் முதல் பத்து மணியைச் சொல்ல வேண்டும் என்று பிலோமினா சொன்னார். நிலாணி தெரியாது என்று விழித்தாள். றோஸ்மேரி அவளுக்குப் பக்கத்தில் முழங்காலில் இருந்து, வரி வரியாக முணுமுணுத்தாள். நிலாணி அதைத் திருப்பிச் சொன்னாள். செபம் தொடங்குவதற்கு முதல், யாருக்காகச் செபிக்கிறோம் என்று வீட்டுக்காரர் சொல்லும் நேரத்தில், பிலோமினா அவள் பக்கம் திரும்பினார்.

“உன்ர அம்மாவின்ர பேர் என்ன பிள்ளை?”

“மங்கையற்கரசி.”

“அப்பா?”

“சண்முகநாதன். தம்பி... தம்பி அன்புராசா.”

 மாஸ்டர் தலையைக் குனிந்தார். அந்த நாளில் எந்தச் செபத்தில் அந்தப் பேர்களைச் சேர்ப்பது? பிலோமினா சுருவத்தைப் பார்த்து, கணீரென்று சொன்னார்.

“சண்முகநாதன், மங்கையற்கரசி, அன்புராசா. மூண்டு பேரும் எங்க இருந்தாலும் சுகமா இருக்கவேணும். ஒரு நாளைக்கு இந்த வாசலால வரவேணும். தாயே, எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்.”

நிலாணி நிலத்தில் தலை வைத்து வாய்விட்டு அழுதாள். அன்றுதான் அவள் முதன்முதலாகச் சத்தமாக அழுதது. றோஸ்மேரி அவள் முதுகைத் தடவிக்கொண்டு செபத்தை நிறுத்தாமல் சொன்னாள். யாராவது சொல்லத்தானே வேண்டும்.

எல்லாம் முடிந்து றோஸ்மேரி வழக்கம்போல் குசினிக்குள் போய்க் கோப்பைகளைக் கழுவத் தொடங்கியபோது பிலோமினா பின்னாலேயே வந்தார். கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். மன்னிப்புக் கேட்டு அவருக்குப் பழக்கமில்லை. பிறகு முன்னறைப் பக்கம் திரும்பி, “நிலாணி, இஞ்ச வா,” என்று கூப்பிட்டார். அவள் வந்ததும் அவள் கையைப் பிடித்து றோஸ்மேரியின் கையில் வைத்தார்.

“உனக்கு இந்த வீட்டில ரெண்டு மாமி இருக்கினம். பெத்தது நான். அவனை மனுசனாக்கினது இவ. மத்தியானம் நான் ஒரு சொல் சொன்னனான்... அதை மாதா கேட்டிருக்கக் கூடாது.”

“மச்சாள், விடுங்கோ...”  றோஸ்மேரி ஈரக் கையோடு அப்படியே அவரைக் கட்டிக்கொண்டாள். பிலோமினாவின் புதுச் சேலையில் ஈரம் பட்டது. அவர் அதைப் பார்க்கவும் இல்லை.

“சரி சரி, அழுதது காணும். தேத்தண்ணி ஊத்து. உன்ர கையால ஊத்து. நேற்றுத் தொட்டு நாக்கு வறண்டு கிடக்கு.”

றோஸ்மேரி கண்ணீர் கண்ணை மறைக்க அரைவாசியை மேசையில் ஊற்றி, மிச்சத்தைக் கோப்பைக்குள் ஊற்றிக் கொடுத்தாள். பிலோமினா நின்றபடியே ஒரு மிடறு குடித்தார். இன்னொரு மிடறு குடித்தார். பிறகு வீடு முழுக்கக் கேட்கும்படியாக,

“சீனி காணாது,” என்றார்.